கொசுறு பைட்

“ஒன்னுதானேன்னு எடுத்துப் போட்டுட்டியா? அது எதுக்கு இருக்குதுன்னு ஒரு வார்த்த கேக்கத் தோணல இல்ல உனக்கு?”

“இப்பக் கேக்கறேன், சொல்லுங்க மாமா. எதுக்கு இருந்துச்சு?”

“இருந்துச்சு. அவ்ளோதான். ஆறு வருஷமா ஓடுது இல்ல? ஓடுறதுல கைய வெக்கக் கூடாதுன்னு யாருமே உனக்குச் சொல்லித் தரலியா?”

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி, நல்ல நேரம் முடிய இன்னும் அரை மணி இருக்கிறது, நடுக்கூடத்தில் வெற்றிலைத் தட்டு மாற்றத் தயாராக இருக்கிறது. அந்த நேரத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் இப்படிக் கத்திக்கொண்டதை மஞ்சக்குப்பத்தில் அந்தத் தெருவே கேட்டது. எதிர்வீட்டு விருத்தாம்பாள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டாள். இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பித் தர வந்தவள், வாசற்படியில் நின்றவாறு ஒரு மணி நேரமாக அதைத் தராமல் இருந்தாள்.

பெண் வெண்மதி. மாப்பிள்ளை திருநாவுக்கரசு, அவளுடைய அத்தை ரத்தினம்மாளின் ஒரே மகன், சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். முறை மாப்பிள்ளை, படித்த மாப்பிள்ளை. போதாததற்கு வெண்மதி இப்போது உட்கார்ந்து வேலை பார்க்கும் அதே நாற்காலியில் ஆறு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன். இதைவிடப் பொருத்தம் எந்த ஜோசியனுக்குக் கிடைக்கும் என்று இரண்டு வீட்டிலும் பேசிக்கொண்டார்கள். நாற்காலிப் பொருத்தத்தில்தான் வில்லங்கம் இருக்கிறது என்பது அன்றைக்குக் காப்பி கொடுக்கும்போதுதான் தெரிந்தது. டம்ளரை நீட்டியபடி, பாராட்டுவான் என்று நம்பி, “உங்க பழைய புரோகிராம் கோடையெல்லாம் சுத்தம் பண்ணிட்டேன் மாமா” என்று அவள் சொன்னாள். காப்பி ஆறிப்போனது.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற அவள் அப்பா மணவாளன் மட்டும் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். எடுத்த ஒன்றைத் திரும்ப வைத்துவிட்டால் தீர்ந்தது, இதற்கா இவ்வளவு சத்தம் என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர்மேல் பாய்ந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் அப்படியொரு ஒற்றுமை.

கடைசியில் ரத்தினம்மாள் எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள். அடுத்த வெள்ளி சௌகரியப்படுமா பார்க்கலாம் என்றாள். சௌகரியப்படாது என்று அதற்கு அர்த்தம். சிதம்பரம் பேருந்தைப் பிடிக்க அம்மாவும் பிள்ளையும் தெருமுனை திரும்பிய பிறகுதான் விருத்தாம்பாள் சல்லடையைக் கொடுத்தாள். “எல்லாம் நல்லதுக்குத்தான்” என்று வெண்மதியின் அம்மா லோகநாயகிக்கு ஆறுதல் வேறு சொன்னாள்.

விஷயம் இதுதான். 2004இல் அலை வந்து தேவனாம்பட்டினத்தை வாரிக்கொண்டு போன மறுவருஷம், ஒரு தொண்டு நிறுவனம் கடலோரக் குப்பங்களுக்கு எச்சரிக்கைப் பொட்டி வைக்க முன்வந்தது. திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடியில் கம்பெனி நடத்திய சின்னையன் அந்த வேலையை எடுத்தார். உயரமான இரும்புக் கம்பத்தில் ஒரு பொட்டி. அதற்குள் செல்போனில் இருப்பதுபோல ஒரு சிம் கார்டு. மாவட்ட அலுவலகத்திலிருந்து எஸ்எம்எஸ் வந்தால், கீழே பலகையில் சிவப்பு எழுத்து ஓடும். மேலே சைரன் ஒரு நிமிஷம் கத்தும். பொட்டிக்குள் பலகையையும் சைரனையும் நேரடியாகப் பிடித்து ஆட்டுகிற அடிமட்ட நிரல், அதாவது டிரைவர் கோடு, சி மொழியில் திருநாவுக்கரசு எழுதியது. எழுதிய அடுத்த வருஷமே அவனுக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்தது. போகும்போது, பொட்டிக்குள் நிரலை ஏற்றும் கேபிள் இரண்டில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் கேபிளைச் சொல்லிக்காட்டாமல் சின்னையன் ஒரு டீ குடித்ததில்லை.

2009இல் வெண்மதி அந்த நாற்காலிக்கு வந்தாள். மாப்பிள்ளையைப் பிடிக்கத்தான் அந்த வேலைக்கே போகிறாள் என்று தெரு சொன்னது. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகக்கூடிய கம்ப்யூட்டர் வேலை கடலூரில் அது ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

2011இல் பழைய சிப் வருவது நின்றுபோய், பொட்டிக்குள் புது சர்க்யூட்டுக்கு மாற வேண்டியதாயிற்று. எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருகிற புதுக் கம்பைலர், பழைய நிரலைப் பார்த்ததும் முணுமுணுக்க ஆரம்பித்தது. இருபத்துமூன்று இடத்தில் ஒரே முணுமுணுப்பு. செய்தி எவ்வளவு நீளம் வரும் என்று முன்கூட்டித் தெரியாத இடத்திலெல்லாம் திருநாவுக்கரசு பழைய வழக்கப்படி அடைப்புக்குறிக்குள் ஒன்று என்று போட்டிருந்தான். அழைப்பிதழில் ஓர் இலை என்று அச்சடித்துவிட்டு, பந்தியில் நூற்றுநாற்பது பேரை உட்கார வைக்கிற கதை. இப்போதெல்லாம் அப்படி எழுதுவதில்லை. அடைப்புக்குறியைக் காலியாக விடுவார்கள். வருகிறவர்கள் வரட்டும், வந்தவர்களுக்குத் தகுந்தாற்போல் இலை போடுவோம் என்று அர்த்தம். வெண்மதி உட்கார்ந்து இருபத்துமூன்று ஒன்றையும் எடுத்தாள். போகிப்பண்டிகைக்கு வீட்டை ஒழித்த திருப்தி. ஆடி மாதமே ஒன்பது பொட்டிக்கும் புது நிரல் ஏறிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் “வணக்கம்” என்று செய்தி அனுப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் வணக்கத்துக்கு மரியாதையாகக் கத்தியது.

ஆக அவள் செய்ததில் தப்பு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு உட்காரும்வரை அப்படித்தான் நினைத்தாள். ரசம் ஊற்றும்போதுதான் முதல் முள் தைத்தது. எதற்கு இருந்தது என்று கேட்டபோது மாமா ஏன் பதில் சொல்லவில்லை? பாடம் நடத்துகிற ஆள், காரணம் இருந்தால் அரை மணி நேரம் சொல்லியிருப்பார். ஒன்று, காரணமே கிடையாது, வெறும் வீம்பு. இல்லையென்றால், காரணம் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாவதை நினைத்ததும் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நிரலை வரி வரியாகப் படித்தாள். கண்ணில் எதுவும் படவில்லை. சாயங்காலம் வீடு திரும்பினால், வெள்ளிக்கிழமை அவர்கள் வருகிறார்களா என்று மூன்று பேராவது விசாரித்தார்கள். வருகிறார்களா இல்லையா என்பது அவளுக்கு அப்போது நினைவில்கூட இல்லை. பெண்ணுக்கு முகம் வாடிக் கிடக்கிறது, ஆசை இருந்திருக்கிறது பார் என்று தெரு முடிவு கட்டிவிட்டது.

புதன்கிழமை காலை மாவட்ட அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வியாழன் மாலை மூன்று மணிக்கு ஒத்திகை. ஒன்பது குப்பத்திலும் ஒரே நேரத்தில் சைரன் ஒலிக்கும். ஜனங்கள் மேட்டுக்கு நடக்க வேண்டும். அதிகாரிகள் தேவனாம்பட்டினத்தில் இருந்து பார்வையிடுவார்கள். அனுப்பப்போகும் செய்தியும் கூடவே இருந்தது. ஒரு எஸ்எம்எஸ்ஸில் தமிழ் எழுபது குறிதான் கொள்ளும். க ஒன்று, அதன் கொம்பு ஒன்று என்று தனித்தனியாக எண்ணி எழுபது. யாரோ ஒரு கெட்டிக்கார எழுத்தர் எண்ணி எண்ணிச் சரியாக எழுபதில் நிறுத்தியிருந்தார். கடைசிக் குறி ஆச்சரியக்குறி.

கம்பெனி மேஜையில் இருந்த பரிசோதனைப் பொட்டிக்கு அதை அப்படியே அனுப்பினாள். பலகையில் எழுத்து அழகாக ஓடியது. சைரன் கத்தவில்லை.

ஒயர் கழன்றிருக்கும் என்று பார்த்தாள். கழலவில்லை. மறுபடி அனுப்பினாள். எழுத்து ஓடியது, சத்தம் இல்லை. ஆச்சரியக்குறியை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினாள். கீழே காயில் கட்டுகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குக் கத்தியது. திரும்ப ஆச்சரியக்குறியைச் சேர்த்தாள். ஊமை.

செய்திக்கு நினைவகத்தில் இடம் பிடிக்கும் வரியை எடுத்துப் பார்த்தாள். இந்த முறை தெரிந்தது.

நினைவகத்தில் ஒரு பைட் என்பது ஓர் இலை என்று வைத்துக்கொண்டால், அங்கே இடம் கொடுப்பவன் இலைக்கணக்கில் கொடுப்பதில்லை, பந்திப்பாய்க் கணக்கில் கொடுப்பான். பாய்க்கு எட்டு இலை. செய்தியின் குறி ஒவ்வொன்றும் இரண்டு இலையை அடைத்துக்கொண்டு உட்காரும். எழுபது குறிக்கு நூற்றுநாற்பது, தலைப்புக்கு நான்கு, ஆக நூற்றுநாற்பத்துநான்கு. பதினெட்டுப் பாய், ஓர் இலைகூட மிச்சமில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு செய்தி முடிந்தது என்று காட்டுகிற முடிவுக்குறி, ஒரு சுழியம், கடைசியாக வரும். பழைய நிரலில் அழைப்பிதழில் அச்சடித்திருந்த அந்த ஓர் இலை எப்போதும் கூடுதலாகச் சேர்ந்துகொள்ளும். சுழியம் அதில் உட்கார்ந்து வந்தது. அந்த இலையைத்தான் வெண்மதி அசிங்கம் என்று எடுத்துப் போட்டிருந்தாள். “வணக்கம்” சின்னச் செய்தி. பாயில் இடம் காலியாகக் கிடந்ததால் சுழியம் எங்கேயோ ஒண்டிக்கொண்டது. முழுச் செய்தி வந்தபோது இடமில்லாமல் பக்கத்துப் பாயில் போய் உட்கார்ந்துவிட்டது. சைரன் எத்தனை வினாடி கத்த வேண்டும் என்று ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக எழுதி வைக்கிற எண் இருந்த பாய் அது. அறுபது இருந்த இடத்தில் இப்போது சுழியம்.

சின்னையன் கெட்டவர் அல்ல, ஆனால் வழியைக் குறுக்கிப் போகிறவர். முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த ஆச்சரியக்குறிய எடுக்கச் சொல்லிட்டாப் போச்சு” என்றார். உடனே போனும் போட்டார். செய்தியில் நாலு பேர் கையெழுத்து இருக்கிறது, ஒரு புள்ளியை எடுப்பதற்கும் நாலு பேர் கையெழுத்து வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்குள் கம்பெனி கடிதம் வந்தால் முடித்துத் தருகிறோம் என்று பதில் வந்தது. கடிதத்தை வெண்மதியையே தட்டச்சு செய்யச் சொன்னார். ஒத்திகை முடியட்டும், பொட்டிகளை ஐப்பசிக்குள் ஒவ்வொன்றாகச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்றார்.

அவள் கடிதத்தைத் தட்டச்சு செய்தாள். செய்யவில்லை என்று பின்னாளில் தெருவில் சொன்னதெல்லாம் அவளை உயர்த்திப் பேச ஆசைப்பட்டவர்கள் கட்டியது. செய்தாள், அச்சும் எடுத்தாள், நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. சாப்பிட வீட்டுக்குப் போனாள்.

வாசலில் வேப்பமர நிழலில் சவரியம்மாள் கூடையை இறக்கி வைத்திருந்தாள். தேவனாம்பட்டினத்திலிருந்து அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். மீனை வாங்கிய தட்டை லோகநாயகி உள்ளே எடுத்துப்போக மாட்டாள். கொசுறாக ஒரு மீன் விழுகிறவரை நீட்டிக்கொண்டே நிற்பாள். சவரியம்மாளும் திட்டிக்கொண்டே ஒரு சங்கரா மீனைப் போடுவாள். சவரியம்மாளின் புருஷனை அந்த அலை கொண்டுபோயிற்று. சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்த மகள் வந்துவிடு வந்துவிடு என்று கூப்பிட்டும் அவள் கம்பத்துக்குப் பத்தடி தள்ளியிருந்த வீட்டைவிட்டு நகரவில்லை. வெண்மதி அந்த வேலைக்குப் போன நாளிலிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

“நாளைக்கு இன்னாமோ கத்த வெச்சுப் பாக்கறாங்களாமே? கத்தும் இல்ல கண்ணு?”

இரண்டு வருஷமாக, நூறு தடவையாவது, கத்தும் என்று யோசிக்காமல் சொன்ன வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. நாளைக்குக் கத்தும். ஆச்சரியக்குறி இல்லாமல் அனுப்பினால் கண்டிப்பாகக் கத்தும். அதற்கப்புறம் ஒரு நாள் நிஜமாகவே கடல் வந்தால், அன்றைக்கு எவன் எத்தனை எழுத்து அனுப்புவான் என்று யாருக்குத் தெரியும்? ஊமையாக நிற்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, எதையும் பார்க்காமல் சொன்னால்கூட.

“இன்னாடி, பேச்சக் காணோம்?” என்றாள் சவரியம்மாள். “நீ சொல்றேன்னுதான் மவ ஊட்டுக்குப் போவாம அங்கியே கெடக்கறேன்.”

வெண்மதி சாப்பிடவில்லை. கைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்துக் கிழித்துத் தெருக்குப்பையில் போட்டாள். விருத்தாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள், திருநாவுக்கரசுக்கு எழுதிய கடிதம் என்று தெருவுக்குத் தெரிவித்தாள்.

ஒன்பது பொட்டிக்கும் திருத்திய நிரலை இப்போதே ஏற்றப்போகிறேன் என்று அவள் சொன்னதும் சின்னையன் கோபப்பட்டார். ஒன்பது பொட்டி, தாழங்குடாவிலிருந்து பரங்கிப்பேட்டையைத் தாண்டி, நாளை மூன்று மணிக்குள் எப்படி என்றார். ஒரு பொட்டி ஊமையாக நின்றாலும் அவள் பெயரைத்தான் அலுவலகத்தில் சொல்வேன், அதற்கப்புறம் இங்கே வேலை கிடையாது என்றார். அவள் சரி என்றாள். அடைப்புக்குறிக்குள் அந்த ஒன்றைத் திரும்ப வைக்கவில்லை. அறிவிப்பு புதிய முறையிலேயே இருந்தது. இடம் பிடிக்கும் வரியில் மட்டும் வெளிப்படையாகக் கூட்டல் ஒன்று என்று சேர்த்து, பக்கத்தில் குறிப்பு எழுதினாள்: இந்தக் கூடுதல் ஒன்று முடிவுக்குறிக்கு, எடுக்க வேண்டாம். எழுத ஐந்து நிமிஷம் ஆகவில்லை. ஏற்றுவதற்குத்தான் பொட்டிக்கு அரை மணி. கேபிள் ஒன்றுதான் இருந்தது.

இன்னொரு கேபிள் எங்கே இருக்கிறது என்று அந்தத் தெருவுக்கே தெரியும். தட்டு மாற்றாமல் எழுந்துபோன வீட்டுக்கு நாலாம் நாளே பெண் போன் செய்வதாவது? செய்தாள்.

“மாமா, அந்த ஒன்னு எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சு.” முழுவதையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

“அன்னிக்கே எனக்கு மறந்துபோச்சு வெண்மதி” என்றான் திருநாவுக்கரசு. “நீ சொல்றப்பதான் நெனப்பு வருது. அந்த வருஷம் ஒரு பொட்டி இப்பிடித்தான் ஊமையா நின்னுச்சு. ஒன்னு ஜாஸ்தியா இருந்தா கத்துது, கொசுறா இருக்கட்டும்னு உட்டுட்டேன். எழுதி வெக்கல.”

“மறந்துபோச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம் மாமா.”

“எல்லாரும் இருந்தாங்க இல்ல.”

“கேபிள் உங்ககிட்டதான இருக்குது?”

“இருக்குது” என்றான், ரொம்பச் சின்னக் குரலில்.

சிதம்பரத்தைச் சேர்ந்த நான்கை அவன் எடுத்துக்கொண்டான்: பரங்கிப்பேட்டை, முடசல் ஓடை, கிள்ளை, சாமியார்பேட்டை. கடலூர்ப் பக்கம் ஐந்து வெண்மதிக்கு. கம்பெனியில் பொட்டி மாட்டுகிற ஃபிட்டர் அன்புமணி, ஏணியைப் பைக்கில் நீளவாக்கில் கட்டிக்கொண்டு முன்னால் போக, அவள் மடிக்கணினியோடு ஸ்கூட்டியில் பின்னால் போனாள். அன்புமணி பேசாத ஆள். ஏணியைச் சாத்துவான், ஆட்டிப் பார்ப்பான், பிடித்துக்கொண்டு, ஏறுங்கள் என்று தலையை அசைப்பான். அவ்வளவுதான். புதன் மாலைக்குள் தாழங்குடாவும் சோனாங்குப்பமும் முடிந்தன. வியாழன் காலை சிங்காரத்தோப்பு முடிந்தது. தேவனாம்பட்டினம் பக்கத்தில்தானே இருக்கிறது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ராசாப்பேட்டைக்குப் போனாள். அங்கேதான் நேரம் போனது. மடிக்கணினி பாட்டரி தீர்ந்துபோயிற்று. பத்து மணிக்குப் போன மின்சாரம் அந்த வருஷத்து வழக்கப்படி பன்னிரண்டுக்குத்தான் வரும் என்றார்கள். வரவில்லை. ஒரு மணிக்கு வந்தது.

அந்த மூன்று மணி நேரமும் அவள் ஒரு வலைக்கொட்டகையில் உட்கார்ந்து சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருநாவுக்கரசு போன் செய்து மூன்று முடிந்தது என்றான். பிறகு நாலும் முடிந்தது என்றான். நான் அங்கே வரட்டுமா என்று கேட்டான். வந்துசேர நேரமில்லை என்றாள். வேலை போவது ஒரு பக்கம். நாளைக்குச் சவரியம்மாள் கூடையை இறக்கிவைத்து, கத்தவில்லையே கண்ணு என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் பெரிய கவலை. அன்புமணி எங்கிருந்தோ ஒரு பொட்டலம் பொங்கல் வாங்கிவந்து பக்கத்தில் வைத்தான். “ஏணியில மயங்கி உழுந்தா என்னால புடிக்க முடியாது” என்றான். அந்த இரண்டு நாளில் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. அவள் சாப்பிட்டாள்.

ராசாப்பேட்டையை முடித்துவிட்டுத் தேவனாம்பட்டினத்துக்கு வந்தபோது மணி இரண்டு பதினெட்டு. ஷாமியானா போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கடைசி நேரத்தில் கம்பத்தில் எதற்கு ஏறுகிறார்கள் என்று அதிகாரிகள் கேட்க, சின்னையன் சிரித்துக்கொண்டே, சும்மா ஒரு துடைப்பு என்றார். சிரிப்பில் உதடு மட்டும் கலந்துகொண்டது.

ஏணியின் கடைசிப் படியில் நின்று, மடிக்கணினியை இடுப்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு, வெண்மதி நிரலை ஏற்ற ஆரம்பித்தாள். திரையில் கோடு நகர்ந்தது. கடற்காற்று துப்பட்டாவைத் தூக்கி முகத்தில் அடித்தது. பாதியில் ஒரு தடவை கோடு நின்றது; கேபிள் ஆடியிருக்கிறது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மணி இரண்டு இருபத்தேழு. கேபிளின் முனையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏற்றினாள். விரல் மரத்தது. இரண்டு நாற்பது. இரண்டு ஐம்பது. கீழே ஒலிபெருக்கியில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். சவரியம்மாள் தன் வீட்டு வாசலில் கூடையோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. வெண்மதி அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்தினாள். இரண்டு ஐம்பத்தேழுக்குக் கோடு முடிவுக்கு வந்தது. கேபிளைப் பிடுங்கினாள். சோதனைக்கு ஒரு வணக்கம் சொல்லக்கூட நேரமில்லை. பொட்டியின் மூடியைச் சாத்தி, திருகாணியை எடுக்கப் பையில் கையை விட்டாள்.

அரசாங்கக் காரியம் ஒன்று குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முந்தி நடக்கும் என்று அந்த மாவட்டத்தில் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. இரண்டு ஐம்பத்தெட்டுக்குச் செய்தி வந்தது. சைரன் அவளுடைய இடது காதுக்கு ஒரு முழம் தள்ளிக் கத்தியது.

பிறகு நடந்தது அவளுக்குச் சத்தமில்லாத படமாகத்தான் நினைவிருக்கிறது. கீழே எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்: அதிகாரிகள், சின்னையன், மைக் பிடித்திருந்தவர், பிள்ளைகள், காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள். ஏணி ஒரு பக்கம் நழுவ ஆரம்பித்து, நின்றது. குனிந்து பார்த்தாள். அன்புமணி இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். சைரன் அறுபது வினாடியும் கத்தி முடிக்கிறவரை அந்தக் கை ஏணியை விட்டு எடுபடவில்லை.

பலகையில் செய்தி முழுவதும் ஓடியது, ஆச்சரியக்குறியோடு. சவரியம்மாள் அதைப் படிக்கவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. ஒத்திகை என்று தெரிந்தும், சத்தம் கேட்ட மாத்திரத்தில் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்கே நடக்க ஆரம்பித்தாள். ஷாமியானாவைத் தாண்டி, மேடு என்று கொடி நட்டிருந்த இடத்தையும் தாண்டி, மஞ்சக்குப்பம் வந்து லோகநாயகி வீட்டு வாசலில்தான் நின்றாள். தண்ணீர் கேட்டாள். வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “கத்திடுச்சு” என்றாள்.

மறுநாள் சின்னையனின் அறையில் இன்னொரு சண்டை. தப்பு என்னுடையது, குறிப்பு எழுதாமல் போனேன் என்று திருநாவுக்கரசு சொன்னான். கேட்காமல் எடுத்தது நான், தப்பு என்னுடையது என்று வெண்மதி சொன்னாள்; காது அடைத்திருந்ததால் திருப்பாதிரிப்புலியூர் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள். யாருடையதாக இருந்தாலும் சரி, முதலில் என் கேபிளைக் கீழே வை என்றார் சின்னையன். வைத்தான். அவள் வேலை அவளிடமே இருந்தது.

காது திறக்க ஐந்து நாள் ஆயிற்று. அதுவரை கம்பெனியில் அவளுக்கு எதுவாக இருந்தாலும் அன்புமணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினான். அதே சைரனில் அவனுக்கும் காது அடைத்திருந்ததால் அவளும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பேசாத ஆளுக்கு எழுத நிறையவே வந்தது என்று கேள்வி.

வெள்ளிக்கிழமை வரவில்லை என்றாலும் அடுத்த மாதம் ரத்தினம்மாள் வெற்றிலைத் தட்டோடு திரும்ப வந்தாள். வெண்மதி வேண்டாம் என்றாள். ஏன் என்பதற்குத் தெருவில் மூன்று காரணம் சொன்னார்கள். மூன்றும் விருத்தாம்பாள் சொன்னவை. திருநாவுக்கரசு நல்லவர், கூப்பிட்டதும் வந்தார், நாலு பொட்டியையும் பிசகாமல் முடித்தார் என்று வெண்மதி அம்மாவிடம் ஒப்புக்கொண்டாள். ஆனால் மறந்துவிட்டது என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்குப் புதன்கிழமை ஆயிற்று, அதுவும் போனில், யாரும் இல்லாதபோது. ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அவளைத் தெரியாதவளாக நிறுத்திவைத்தார். அது நெஞ்சில் எங்கேயோ ஒரு பாயில் உட்கார்ந்துவிட்டது, எழுப்ப முடியவில்லை.

அந்த மார்கழியில் ‘தானே’ புயல் வந்து மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போனது. வருவதற்கு முன்னால் செய்தி வந்தது. எத்தனை எழுத்து என்று யாரும் எண்ணவில்லை. பொட்டி கத்தியது. சவரியம்மாள் கூடையோடு மேற்கே நடந்தாள்.

திருநாவுக்கரசு தை மாதம் சேத்தியாத்தோப்பில் அனுப்பிரியா என்ற பள்ளிக்கூட ஆசிரியையைக் கட்டிக்கொண்டு, அடுத்த வருஷமே புதுச்சேரிக்கு மாறிப் போனான். கல்யாணத்துக்கு வெண்மதி போனாள், பந்தியில் சாப்பிட்டாள். வெண்மதி 2012 ஆவணியில் அன்புமணியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வீட்டிலும் அதற்குமுன் ஆறு மாதம் அடுப்பு சரியாக எரியவில்லை. மணவாளன் தாடி வளர்த்தார், பிறகு எடுத்தார். இருவரும் இப்போது சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை போட்டுப் பொட்டி செய்கிறார்கள். தெரு முழுவதும் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவனை யாரும் கவனிக்கவில்லை. விருத்தாம்பாளுக்கு அதில் இன்றுவரை தீராத மனக்குறை.

சவரியம்மாள் எங்கேயும் மாறிப் போகவில்லை. அதே கம்பத்துக்குப் பத்தடியில்தான் இருக்கிறாள். லோகநாயகி தட்டை நீட்டுவதற்கு முன்பே கொசுறு விழுந்துவிடுகிறது.